பணமும் நம் மனமும்: ஒரு வரலாற்று நோக்கு

நமது கல்விக் கழகம் 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காண்கிறது. விழா மலர் என்பது பாராட்டுரைகளுக்கு மட்டும் உரிய இடமன்று; நம்மை நாமே எண்ணிப் பார்ப்பதற்கும் உரிய இடமாகும். ஆதலின், நாம் அன்றாடம் கையாண்டும் அமர்ந்து பேசாத ஒன்றைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். அதுவே பணம்.

தமிழில் 'பொருள்' என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். ஒரு சொல்லின் கருத்தையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒரே சொல்லில் அமைந்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. இருவர் கையிலுள்ள ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் கடைத்தெருவில் ஒரே மதிப்புடையவை. மனத்திலோ அவை ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்கு அது நாளைய விதை. மற்றொருவருக்கு நேற்றைய கடன். வேறொருவருக்கு ஊரார் முன் தலைநிமிர ஒரு வாய்ப்பு. பணத்தின் மேல் நாம் கொள்ளும் அச்சமும் நாணமும் நன்றியுணர்வும் பெருமிதமும் எங்கிருந்து வந்தன? இவ்வினாவுக்கு விடை மனநூலில் பாதியும் வரலாற்றில் பாதியும் உள்ளது.

"இவர்கள் கையில் காசு தங்காது" என்று நம் மக்களைப் பற்றி ஊரார் சொல்லிவந்த ஒரு வாசகம் உண்டு. பண்ணையார் திண்ணையில் பிறந்த இவ்வாசகத்தை இன்று நம்முள் படித்துப் பதவிபெற்ற சிலரும் சொல்லக் கேட்கிறோம். ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அதன் பிறவிக்குணமாக மாற்றிக் கூறும் வாசகம் இது. இதை வரலாற்றின் முன் நிறுத்தி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளந்த படி

நம் முன்னோர் பெரும்பாலோர் காசுக்கு உழைத்தவர்கள் அல்லர், தானியத்துக்கு உழைத்தவர்கள். செங்கற்பட்டு, தஞ்சை போன்ற நன்செய் நாட்டில் நெல்லும், வடமதுரை, வேடசந்தூர் போன்ற நம் புன்செய் நாட்டில் சோளமும் கம்பும் கேழ்வரகும் கூலியாக அளக்கப்பட்டன. 'படியாள்' என்னும் பெயரே படியால் அளந்து பெற்றவன் என்பதைக் காட்டும். அறுவடைக் களத்தில் ஊர்ப் பணியாளர்க்குக் கொடுக்கப்பட்ட பங்கிற்குப் பழைய வருவாய்க் கணக்குகளில் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'சுதந்திரம்' என்பதாகும். எத்தகைய விந்தை பாருங்கள்! பிறர் மனமிரங்கி அளந்து போட்ட ஒரு மரக்காலுக்குச் சுதந்திரம் என்று பெயர். அதைப் பெற்றவனுக்கோ வேறு பண்ணைக்குப் போகும் சுதந்திரம் இல்லை.

தானியக் கூலியால் பஞ்ச காலத்தில் வயிற்றுக்குக் கொஞ்சம் காவல் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அது மனத்தில் ஆழ்ந்த ஒரு பழக்கத்தையும் விதைத்தது. தானியம் நெடுநாள் நிற்காது, அந்து விழும், குடிசையில் சேர்த்து வைக்க இடமும் இல்லை. அளந்ததை அன்றைக்கே உண்பதுதான் அறிவுடைமை. நாளைக்கு என்று மீத்து வைத்தவனுக்கு அடுத்த முறை அளவு குறைந்த அனுபவமும் உண்டு. எனவே 'இருப்பதை இன்றே உண்' என்பது சோம்பேறியின் தத்துவமாகத் தோன்றவில்லை. அந்த வாழ்வின் கணக்கிற்கு அதுவே சரியான விடையாக இருந்தது.

அவ்வாறாயின் காசு என்பது நம் முன்னோர் கைக்கு எப்போது வந்தது? திருமணத்தின்போது வந்தது, சாவின்போது வந்தது, நோயின்போது வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் அது பண்ணையாரிடம் பெற்ற கடனாகவே வந்தது. இதனை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிற சமூகத்தார் பலருக்குக் காசு விளைபொருளின் விலையாக அறிமுகமாயிற்று. நமக்கோ அது கடனாக அறிமுகமாயிற்று. முதன்முதல் எந்தக் கோலத்தில் ஒன்றைக் கண்டோமோ அந்தக் கோலமே மனத்தில் நிற்கும் அன்றோ? பெருந்தொகை ஒன்று கைக்கு வரும்போது மகிழ்ச்சியோடு இனம் தெரியாத ஒரு கலக்கமும் நம் வீடுகளில் எழுவதன் வேர் இங்கேதான் உள்ளது.

கடன் என்னும் கட்டு

இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் நீங்கியது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. எனினும் கதவை மூடிய அரசே சாளரத்தைத் திறந்து வைத்தது. 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலைக்கு வரத் தவறினால் அவனை நீதிபதி முன் நிறுத்தித் தண்டிக்க வழி செய்தது. வாக்குத் தவறிய வணிகன் உரிமையியல் மன்றத்தில் வழக்காடலாம். முன்பணம் பெற்ற கூலியாளோ குற்றவாளி. இச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1925-இல்தான் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக 'அட்வான்ஸ்' என்னும் சொல் நம் மக்களுக்குச் சிறைவாசலாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு விரிவான குறிப்பொன்று அனுப்பினார். சட்டத்தில் ஒழிந்த அடிமைத்தனம் கடன் என்னும் பெயரில் உயிரோடிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். சிறுதொகை ஒன்றைப் பெற்றவன், அதை அடைக்கும் வரை உழைப்பதாகத் தன்னையே ஈடு வைத்தான். வட்டிக்கு உழைப்பு கழிந்தது. முதல் அப்படியே நின்றது. தந்தைக்குப் பின் மகன் அக்கடனைச் சுமந்தான்.

பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்தவர்களையும் இக்கட்டு விடவில்லை. திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிச்செலவே முதற்கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், இன்ன கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் சீட்டு வேண்டும். அதன் பெயர் 'துண்டு'. தாயகத்தில் தோளில் துண்டு அணியத் தடுக்கப்பட்டவனுக்கு அந்நிய மண்ணில் கிடைத்த துண்டு அது! 1921-இல் இலங்கை அரசு அம்முறையை ஒழித்தது.

இத்தகைய கடன் வெறும் காகிதத்தால் மட்டும் நிலைத்திருக்க முடியாது. அதனை நிலைநிறுத்தியது மனத்திலிருந்த நன்றியுணர்வே ஆகும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்னும் உயர்ந்த பழமொழி, உழைப்பாளிக்கு எதிராகத் திருப்பப்பட்டது. மகள் திருமணத்துக்கு நூறு ரூபாய் கொடுத்த ஐயாவை விட்டுப் போவது துரோகம் என்று அவனே எண்ணினான். யார் விளைத்த உப்பை யார் தின்றார் என்னும் கேள்வி எழவில்லை. கொடுத்தவர் பெற்ற பயன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. பெற்றவரின் நன்றிக்கடன் மட்டும் ஊர் அறிய நின்றது.

இந்த மன இரகசியத்தை மிகத் தெளிவாகக் கண்டவர் அண்ணல் அம்பேத்கர். மராட்டிய நாட்டில் மகர் மக்களுக்கு ஊர்ப்பணிக்காகக் கொஞ்சம் மானிய நிலமும் களத்துத் தானியமும் 'வதன்' என்ற பெயரால் வழங்கப்பட்டன. அதைப் பரம்பரைச் சொத்தாகவும் பெருமையாகவும் கருதியோர் மகர் மக்களுள்ளேயே பலர். அந்தச் சிறு மானியமே அவர்களை எந்நேரமும் ஏவலுக்குக் காத்திருக்கும் ஊழியர்களாக வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் உணர்ந்தார். 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அது அப்போது நிறைவேறவில்லை. 1958-இல்தான் அவ்வூழிய முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. சிறு சலுகை ஒன்றின் மேலுள்ள பற்று பெரிய விடுதலைக்குத் தடையாகக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

காகிதத்தின் மேல் அச்சம்

திரமென்கீர் குறிப்பின் பயனாக, 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட அரசாணையின்படி சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் வழி பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்று நாம் அழைப்பது இதுவே. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்னும் நிபந்தனைகள் இருந்தன. மாகாணம் முழுவதும் வழங்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகக் கூறுவர். அவற்றுள் பெரும்பகுதி இன்று நம் மக்கள் கையில் இல்லை. எவ்வாறு போயிற்று? போரில் போகவில்லை. ஒரு மூட்டை தானியத்துக்கும், ஒரு கலியாணச் செலவுக்கும், படித்துக் காட்டப்படாத காகிதத்தில் வைத்த ஒரு பெருவிரல் ரேகைக்கும் போயிற்று. அந்நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். ஒரு கைநாட்டின் விலை நூறாண்டு கழித்து உயிராகவும் கேட்கப்பட்டது.

ஆகவே, 'கையெழுத்துப் போடாதே, போட்டால் போய்விடும்' என்று நம் பாட்டிமார் சொன்னது மூடநம்பிக்கையன்று. அது ஒரு வரலாற்றுச் சுருக்கம். நாம் பணியாற்றிய பள்ளிகளில், உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தைக் கையில் கொடுத்தால், அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு "யாரையாவது கேட்டுவிட்டு வருகிறேன் சார்" என்று சொல்லிச் சென்ற தாய்மார் பலரைக் கண்டிருக்கிறோம். அவர்களே அய்யலூர் வியாழன் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் அதன் கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்லக் கூடியவர்கள். வியாபாரியோடு விலை பேசி வெல்லக் கூடியவர்கள். சந்தையில் இருந்த கூர்மை வங்கி வாசலில் எங்கே போகிறது? அறிவு போகவில்லை, பழைய அச்சம் வந்து அதன் மேல் அமர்கிறது.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கருப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட 1865-ஆம் ஆண்டில், அவர்களின் சேமிப்புக்கென 'விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி' அமைந்தது. பருத்திக் காட்டில் உழைத்தோரும் சலவைத் தொழில் செய்த பெண்களும் காசு காசாகச் சேர்த்து அதில் இட்டனர். வங்கியின் நிர்வாகத்தில் இருந்தவர்கள் அப்பணத்தை முறையற்ற வழிகளில் கடன் கொடுத்துக் கரைத்தனர். நிலைமை முற்றிய பின் கருப்பின மக்களின் பெருந்தலைவர் பிரடெரிக் டக்ளஸ் அதன் தலைவராக்கப்பட்டார். அவராலும் காக்க இயலவில்லை. 1874-இல் வங்கி மூடப்பட்டபோது 61,000-க்கு மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் சிக்கியிருந்தது. அதன் பிறகு பல தலைமுறைகள் வங்கியை நம்ப அஞ்சின. இழந்தவர் அஞ்சுவது இயற்கையே. ஆயின் அச்சத்தை விவேகமாக மாற்றாமல் அச்சமாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்தால், வங்கிக்கு அஞ்சியவர் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பார். அங்கே படிவம் இல்லை, காத்திருப்பு இல்லை. வாசலுக்கே பணம் வரும். பின்னர் வாசலுக்கே ஆளும் வரும்.

நாணமும் பெருமிதமும்

நம் வீடுகளில் திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் சக்திக்கு மீறிச் செலவிடுகின்றனர் என்பது உண்மை. இதனை வீண் ஆடம்பரம் என்று கண்டிப்பது எளிது. கண்டிக்கும் முன் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழ் ஆடை உடுத்தக் கூடாது, சட்டை அணியக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடா என்பன அவற்றுள் சில. பணியாதோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931-இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாரர்களுக்கு அடிவிலைக்கு விற்றுவிட வேண்டும். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணாக் கூலிக்கு உழைக்க வேண்டும் என்பனவும் சேர்க்கப்பட்டன. மானிடவியல் அறிஞர் ஹட்டன் இந்திய சாதிமுறை பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

இத்தடைகளை வரிசையாகப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். நகைக்குத் தடை, கல்விக்குத் தடை, நிலத்துக்குத் தடை, கூலிக்கு உச்சவரம்பு ஆகிய நான்கும் ஒரே பட்டியலில் உள்ளன. நாம் ஏழையாக இருக்க வேண்டும் என்பதோடு, ஏழையாகத் தோன்றவும் வேண்டும் என்பதே அவர்கள் கட்டளை. அத்தகைய ஊர்களில் முதன்முதலில் பித்தளைக் குடம் வாங்கிய தாயும், வெள்ளைச் சட்டை அணிந்த மகனும் செய்தது ஆடம்பரமன்று, போராட்டம். பந்தலும் ஒலிபெருக்கியும் வரிசைத் தட்டும் நம் தெருவில் மிகுந்த உணர்ச்சியோடு போற்றப்படுவதன் பின்னணி இதுவே.

ஆயினும் இளைஞர்களே, ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது எக்காலத்தும் போராட்டமாக இருப்பதில்லை. இன்று நகை அணிவதை எவரும் சட்டமாகத் தடுக்க இயலாது. பட்டியலில் இருந்த மற்ற மூன்று தடைகளோ, அதாவது கல்வியும் நிலமும் நல்ல கூலியும், இன்னும் முழுமையாக வெல்லப்படவில்லை. வென்ற கோட்டையையே மீண்டும் மீண்டும் முற்றுகையிட்டு, வெல்ல வேண்டிய கோட்டைகளை விட்டுவிடுவது எவ்வகைப் போர்முறை? மண்டபத்துக்கு ஐந்து வட்டிக்குக் கடன் பெற்று, அதே ஆண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கையை விரிக்கும் வீட்டில், பழைய பண்ணையார் மறைந்தும் அவர் கட்டளை நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

நம் பகுதி நூற்பாலைகளிலும் இதன் நிழலைக் காணலாம். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை கிடைக்கும், அது திருமணத்துக்கு உதவும் என்று கூறி இளம்பெண்களைச் சேர்த்த முறை 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் பெற்றது. திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இது பரவியிருந்தது. இடையில் நோயுற்று வெளியேறியோருக்கு அத்தொகை கிட்டாமற் போனதும் உண்டு. பெற்றோரின் வறுமையை மட்டும் இத்திட்டம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. வரதட்சணை பற்றிய அவர்களின் நாணத்தையும் அச்சத்தையும் பயன்படுத்திக்கொண்டது. மாதந்தோறும் வர வேண்டிய கூலியை முடிவில் தரும் பரிசாகக் காட்டியபோது, அது கூலி என்பதே பலருக்கு மறந்து போயிற்று.

குறை குணத்தில் இல்லை

'கையில் காசு தங்காது' என்பது பிறவிக்குணம் என்போருக்கு நம் தமிழ் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு விடை சொல்கிறது. தமிழகத்தில் கரும்பு பயிரிடும் 464 சிறு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத காலத்தில் ஒரு முறையும், அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்தில் ஒரு முறையும் ஆய்வாளர்கள் சோதித்தனர். ஆய்வு முடிவு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆய்வாளர்களுள் செந்தில் முல்லைநாதன் என்னும் தமிழரும் ஒருவர். அதே மனிதர், அதே வகைப் புதிர்கள். பணமுடைக் காலத்தில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்தபின் உயர்ந்தது. கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்வதால் சிந்திக்க எஞ்சும் இடம் குறைகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். பரீட்சைக்கு முதல்நாள் வீட்டு வாசலில் கடன்காரர் நின்று சத்தமிட்ட மாணவன் மறுநாள் எழுதும் விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் எவருக்கும் இவ்வாய்வு வியப்பளிக்காது.

வேறு கணக்கு எழுதியவர்கள்

நம் வரலாறு கடனின் வரலாறு மட்டுமன்று. காசைத் தம் கருவியாக்கிக்கொண்ட முன்னோர் நமக்கு உண்டு. அவர்களை இன்றைய இளைஞர் அறிதல் வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் சுமார் பத்தாண்டு கணக்கராகப் பணியாற்றியவர். பிறர் வரவு செலவை எழுதிப் பழகிய அந்தக் கை, 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கியது. எப்பெயரைச் சொல்லி நாணச் செய்தார்களோ, அப்பெயரையே தலைப்பாக்கினார். நாணத்தை வென்ற மனமும் கணக்கறிந்த கையும் ஒருவரிடத்தில் சேர்ந்ததால் அவ்விதழ் ஏழாண்டு அளவு நடந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்ட வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயர். ஒரு பைசா என்பது காலணா. கூலியாளும் வாங்கக் கூடிய விலையையே இதழின் பெயராக வைத்த துணிவு எண்ணி மகிழத்தக்கது. ஓராண்டின் பின் 'தமிழன்' எனப் பெயர் மாறிய அவ்விதழுக்குக் கோலார் தங்கவயலில் உழைத்த நம் மக்கள் பெருந்துணையாயினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து அங்குச் சென்றவர்களுக்குத் தானியம் அளக்கவில்லை; காசாகச் சம்பளம் கிடைத்தது. சுரங்கத்தின் இருளும் நோயும் கொடியனவே. எனினும் காசுச் சம்பளம் பெற்ற அம்மக்கள் சந்தா கட்டினர், சங்கம் வைத்தனர், பள்ளி கண்டனர். பண்டிதர் மறைந்த பின் 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. 'கையில் காசு தங்காத' மக்கள்தாம் இவற்றைச் செய்தனர்!

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நாம் அறிவோம். அவர் முதற்கண் பொருளாதார அறிஞர். 'ரூபாயின் பிரச்சினை' என்னும் அவரது ஆய்வு நூல் 1923-இல் இலண்டனில் வெளிவந்தது. 1925-இல் இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். ரூபாயின் மதிப்பு குறைந்தால் சம்பளம் பெறும் ஏழையின் கூலி அறியாமலே குறைகிறது என்பதில் அவர் கண்ணாக இருந்தார். படியால் அளந்து பெற்றவர் வழிவந்த ஒருவர், ஒரு பேரரசின் நாணயத்தையே அளந்து பார்த்தார். அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த 1944-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்வி உதவித்தொகையால்தான் நம்மில் பலர் பள்ளியைத் தாண்டிக் கல்லூரி கண்டோம். 1945-இல் அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம் நம்மைப் போன்ற கழகங்களுக்கெல்லாம் முன்னோடி.

இன்று செய்ய வேண்டுவன

சட்டங்கள் வந்துள்ளன. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1974-இல் தாட்கோ நிறுவப்பட்டது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும் 1976-இல் நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களைச் செல்லாதவை ஆக்கியது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் நம் தாய்மாரை வங்கிப் படியேற்றியது. 2003-இல் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டமும், 2025-இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டன. சட்டம் கைவிலங்கை அறுக்கும். மனத்தில் கிடக்கும் அச்சத்தையும் நாணத்தையும் நாமே அறுக்க வேண்டும். ஊர் அறியக் கூடாது என்னும் நாணத்தால் வதைபடுவோர் வாய் திறவாதிருக்கும் வரை, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் வீட்டு வாசலை எட்டாது.

ஆதலின் நம் கழகத்துக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவதாக, நம் தெருவில் எவர் எந்தக் காகிதத்தில் கையொப்பமிடுவதாயினும், மாலை வகுப்பு மாணவர் ஒருவர் அதை முழுதும் உரக்கப் படித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். கைப்பேசியில் ஒரு விரல் தட்டலில் கடன் கிடைக்கும் இக்காலத்தில், பழைய கைநாட்டு புது வடிவில் வந்திருக்கிறது. விரல் அதே விரல்தான். இரண்டாவதாக, ஆலைக்குச் செல்லும் பெண்மக்களின் கூலி அவர்கள் பெயரிலுள்ள கணக்கில் மாதந்தோறும் சேர்வதை ஒவ்வொரு வீடும் உறுதி செய்யட்டும். மூன்றாவதாக, திருமணச் செலவை எழுதும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவை எழுதுவோம். எஞ்சியதில் பந்தல் போடுவோம். நான்காவதாக, கடன்பட்டவர் அதை மறைக்காமல் வந்து சொல்லக் கூடிய இடமாக நம் கழகம் விளங்கட்டும். வந்தவரை ஏளனம் செய்யாதிருப்பது படித்தவர்களின் கடமை. "இவர்கள் கையில் காசு தங்காது" என்னும் வாசகம் இனி நம் வாயிலிருந்து வரலாகாது.

மொய்க் குறிப்பேட்டை நம் மக்கள் எத்துணை நேர்மையாகக் காக்கின்றனர்! எவர் எவ்வளவு செய்தார், எப்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்பது எழுத்தறியாத தாய்க்கும் மனப்பாடம். கணக்கும் நாணயமும் நம் இரத்தத்தில் உள்ளன என்பதற்கு வேறு சான்று எதற்கு? 'நாணயம்' என்னும் சொல்லுக்கும் தமிழில் காசு, நேர்மை என இரு பொருள் உண்டு. இரண்டாவது பொருளில் நாம் எக்காலத்தும் செல்வந்தராகவே இருந்துள்ளோம். முதற்பொருளிலும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க, இக்கழகம் இன்னும் பல்லாண்டு பணியாற்றுவதாக.

வளர்க கல்வி! வாழ்க நம் கழகம்!